சினிகாங் தேடுகிறவர்களுக்கு: வெளியூரில் அந்தப் புளிப்பைக் கண்டுபிடிக்க ஒரு வழிகாட்டி

மணிலாவில் மழை பிடித்துக்கொண்டால் வீட்டுக்கு வீடு சினிகாங் கொதிக்கும். பன்றி விலா எலும்போ இறாலோ மீனோ, எது கிடைக்கிறதோ அதைப் போட்டு, முள்ளங்கி, காராமணி, கத்திரிக்காய், கீரை எல்லாம் சேர்த்து, பல்லைக் கூச வைக்கும் புளிப்போடு தண்ணியாக இறக்கும் குழம்பு. சுடுசோற்றின் மேல் ஊற்றி, இடது கையில் முள்கரண்டி, வலது கையில் கரண்டி என்று சாப்பிடுவார்கள். காய்ச்சல் என்றாலும் அதுதான், வேலை முடிந்து அலுத்து வந்தாலும் அதுதான்.

அடோபோ என்ற இன்னொரு பிலிப்பினோ கறிக்கு ஏங்குகிறவர்களுக்குக் கவலை இல்லை. வினிகர், சோயா சாஸ், பூண்டு, மிளகு எந்த ஊரிலும் உண்டு. சினிகாங்கின் புளிப்பு மண்ணிலிருந்தும் மரத்திலிருந்தும் வருவது. அதனால்தான் ஊர் மாறியதும் முதலில் தொலைவது அது.

என் மனைவி பிலிப்பைன்ஸின் இலோயிலோ நகரத்துக்காரி. நாங்கள் இருப்பது துபாயில், கராமாவில். பிலிப்பைன்ஸின் தவாவோ நகரில் மருத்துவம் படித்துவிட்டு வளைகுடாவுக்கு வேலைக்கு வந்த தமிழ்ப் பிள்ளைகள், பிலிப்பினோ அறைத்தோழர்களோடு தங்கி அந்தச் சாப்பாட்டுக்குப் பழகியவர்கள், வீட்டில் என்னைப் போல ஒரு பிலிப்பினோ உறவு உள்ளவர்கள், இவர்கள் கேட்கும் முதல் கேள்வியே "நல்ல சினிகாங் எங்கே கிடைக்கும்?" என்பதுதான். புதிதாக ஓர் ஊருக்கு வந்தவர் எந்த வரிசையில் தேடினால் அலைச்சல் குறையும் என்பதை இங்கே எழுதுகிறேன்.

எந்தப் புளிப்பு என்று முதலில் கேளுங்கள்

கடை தேடுவதற்கு முன்னால் இதைச் செய்துவிட வேண்டும். "சினிகாங் வேண்டும்" என்று ஒருவர் சொன்னால், அவர் கேட்பது அவருடைய வீட்டு சினிகாங்கை. மணிலாவிலும் அதைச் சுற்றிய மாகாணங்களிலும் பெரும்பாலும் புளியங்காய். அங்கே அதற்குச் சம்பாலோக் என்று பெயர். சில வீடுகளில் காமியாஸ் போடுவார்கள். விரல் நீளத்தில், பச்சையாக, மரத்தண்டிலேயே கொத்துக் கொத்தாகக் காய்க்குமே, நம் பக்கத்துப் புளிச்சக்காய், மலையாளிகளின் இலும்பன் புளி, அதுவேதான். மாங்காய் போடும் வீடு உண்டு. சந்தோல் பழம் போடும் வீடு உண்டு. பழுத்த கொய்யாவைப் போட்டு மீன் சினிகாங் செய்தால் புளிப்போடு லேசான இனிப்பும் மணமும் வரும். அதைக் குடித்து வளர்ந்தவருக்குப் புளியங்காய் சினிகாங் கொடுத்தால் மரியாதைக்கு ஒரு கிண்ணம் குடிப்பார், அவ்வளவுதான். மீனோடு மிசோ என்ற ஜப்பானிய சோயா விழுதைக் கரைத்து ஊற்றுகிற வகையும் இருக்கிறது.

என் மனைவி ஊர்ப்பக்கம், அதாவது மேற்கு விசாயாஸில், புளிப்புக்குப் பட்டுவான் என்ற காய். அங்கே கேபிஎல் என்று ஒரு குழம்பு உண்டு. கடியோஸ், பபோய், லங்கா என்ற மூன்று சொற்களின் முதலெழுத்துகள் அவை. துவரை, பன்றி, பலாப்பிஞ்சு! பட்டுவான் போட்டுப் புளிப்பேற்றிய அந்தக் குழம்பைத்தான் அவள் வீடு என்று நினைக்கிறாள். மணிலா உணவகத்துக்குக் கூட்டிப்போனால் அது கிடைக்காது. எனவே யாருக்காகத் தேடுகிறீர்களோ அவரிடம் இரண்டு கேள்வி போதும்: உங்கள் அம்மா எதைப் போட்டுப் புளிப்பாக்குவார்? உள்ளே என்ன கறி, என்ன மீன்?

அடுத்து, தெருவைக் கண்டுபிடியுங்கள்

போனில் "பிலிப்பினோ உணவகம்" என்று தேடினால் அலங்காரமான கடைகள்தான் மேலே வரும். நான் சொல்வது வேறு வழி. பிலிப்பினோக்கள் ஊருக்குப் பணம் அனுப்பும் கடையும், பெட்டி அனுப்பும் அலுவலகமும் எங்கே இருக்கின்றன என்று பாருங்கள். பாலிக்பாயன் பெட்டி என்பார்கள். சோப்பு, சாக்லேட், டின் மீன், துண்டு, செருப்பு என்று மாதக்கணக்கில் சேர்த்து நிரப்பிக் கப்பலில் வீட்டுக்கு அனுப்பும் பெரிய அட்டைப்பெட்டி. அந்தப் பெட்டிகள் வாசலில் அடுக்கியிருக்கும் தெருவில், சம்பளம் வாங்கியவர்கள் வந்து போகும் தெருவில், நடந்து போகிற தூரத்துக்குள் நல்ல சாப்பாட்டுக் கடை இருந்தே தீரும்.

துபாயில் சத்வா, கராமா, தேராவின் அல் ரிக்கா ஆகிய மூன்றும் போதும். கராமாவில் நம் மெஸ் சாப்பாடும் பிலிப்பினோ கடையும் பக்கத்துப் பக்கத்துத் தெருவில் கிடைக்கும். சிங்கப்பூரில் ஆர்ச்சர்ட் சாலையின் லக்கி பிளாசா. ஹாங்காங்கில் சென்ட்ரலில் உள்ள வேர்ல்ட்வைட் ஹவுஸ். கோலாலம்பூரில் பெட்டாலிங் தெருவுக்குப் பக்கத்தில் கோத்தா ராயா கட்டடம். லண்டனில் ஏர்ல்ஸ் கோர்ட். டொரோன்டோவில் பாதர்ஸ்ட் சாலையும் வில்சன் அவென்யூவும் சந்திக்கும் இடம். நியூயார்க்கில் 7ஆம் எண் ரயிலில் ஏறி, குவீன்ஸில் 69ஆம் தெரு நிலையத்தில் இறங்கினால் ரூஸ்வெல்ட் அவென்யூ. அங்கே 70ஆம் தெரு முனைக்கு 2022இல் லிட்டில் மணிலா அவென்யூ என்று பெயர்ப்பலகையே வைத்தார்கள். கலிஃபோர்னியாவில் இருப்பவர்கள் டேலி சிட்டிக்குப் போகலாம். சீஃபுட் சிட்டி என்ற பிலிப்பினோ சூப்பர் மார்க்கெட் அந்த மாநிலத்தில் பல ஊர்களில் இருக்கிறது. மீனும் காயும் சினிகாங் பொடிப் பாக்கெட்டும் அங்கே ஒரே கூரையின் கீழ் கிடைத்துவிடும்.

ஜாலிபீயைப் பற்றி ஒரு வார்த்தை. பிலிப்பினோக்களின் செல்லக் கடை அது, வரிசையில் நிற்பதே ஒரு சந்தோஷம்தான். ஆனால் அங்கே கிடைப்பது பொரித்த கோழியும் இனிப்பு ஸ்பகெட்டியும். சினிகாங் தேடி அங்கே போகாதீர்கள்.

கிழமையும் முக்கியம். சிங்கப்பூரிலும் ஹாங்காங்கிலும் வீட்டு வேலை செய்யும் பெண்களுக்கு விடுமுறை பெரும்பாலும் ஞாயிறு. அன்றைக்கு லக்கி பிளாசாவிலும் சென்ட்ரலிலும் கால் வைக்க இடம் இருக்காது. கூட்டம் பிடிக்காதவர்களுக்கும் நான் ஞாயிற்றுக்கிழமையைத்தான் சொல்வேன். அன்றுதான் எல்லா வகையும் சமைப்பார்கள், பாத்திரம் காலியாகக் காலியாகப் புதிதாக வரும். ஐக்கிய அரபு அமீரகத்தில் 2022 முதல் அரசு வார விடுமுறை சனி, ஞாயிறுக்கு மாறிவிட்டதால் இங்கேயும் ஞாயிறு நல்ல நாள்.

எந்தத் தெருவும் தெரியாத ஊராக இருந்தால் கத்தோலிக்கத் தேவாலயத்துக்குப் போங்கள். துபாய் ஊத் மேத்தாவின் புனித மரியாள் ஆலயத்தில் தமிழ்த் திருப்பலியும் உண்டு, பிலிப்பினோக்களின் தகாலோக் மொழித் திருப்பலியும் உண்டு. பூசை முடிந்து வெளியே வரும் ஒருவரிடம் கேட்டால், கடையின் பெயரோடு எந்த நேரத்துக்குப் போக வேண்டும் என்பதையும் சொல்லி அனுப்புவார்கள். பல நேரம் வீட்டில் சமைத்து விற்கும் ஒரு அம்மாவின் தொலைபேசி எண்ணும் கிடைக்கும். அந்த எண்ணைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். எனக்குத் தெரிந்த நல்ல சினிகாங்குகளில் பாதி அப்படிப்பட்ட அடுக்களைகளிலிருந்து வந்தவைதான்.

கடைக்குள் போனதும்

நீங்கள் தேட வேண்டியது துரோ-துரோ வகைக் கடை. கண்ணாடிக்குப் பின்னால் எவர்சில்வர் தட்டுகளில் சமைத்த உணவு வரிசையாக இருக்கும். மெனு அட்டை கிடையாது. விரலைக் காட்டினால் கிண்ணத்தில் எடுத்துத் தருவார்கள். காலை பதினொன்றரைக்கும் பன்னிரண்டரைக்கும் இடையில் போவது நல்லது. இரண்டு மணிக்கு மேல் போனால் கீரை கறுத்துச் சுருண்டு, முள்ளங்கி குழைந்து, சாறு வற்றிப்போயிருக்கும். குழம்பைக் கரண்டியால் கிளறிக் காட்டச் சொல்லலாம், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். சாறு லேசாகக் கலங்கியிருக்க வேண்டும். அந்தக் கலங்கல் சேப்பங்கிழங்கு கரைந்ததால் வருவது. கண்ணாடி போலத் தெளிவாக இருந்தால் கிழங்கு போடவில்லை என்று அர்த்தம். காராமணித் துண்டு பச்சையாகவே தெரிந்தால் அப்போதுதான் இறக்கியது. தயங்காமல் வாங்குங்கள்.

கவுண்ட்டரில் நிற்பவர் உங்களைவிட மூத்த பெண் என்றால் "ஆத்தே" என்று கூப்பிடுங்கள், அக்கா என்ற இடத்தில். ஆண் என்றால் "கூயா". பேச்சில் "போ" என்று ஒரு மரியாதைச் சொல் சேர்ப்பார்கள். "மெரோன் போ பாங் சினிகாங்?" என்றால் சினிகாங் இருக்கிறதா என்று கேட்பது. "பஹிங்கி போ நாங் சபாவ்" என்றால் இன்னும் கொஞ்சம் சாறு ஊற்றுங்கள் என்று பொருள். இந்த இரண்டாவது வாக்கியத்தை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். வெளியூர்க்காரர் ஒருவர் சாறு கேட்டு வாங்கிக் குடித்தால் அந்தக் கடையில் உங்களை மறக்க மாட்டார்கள்.

சாப்பிடாத பொருள்கள் பற்றி முதலிலேயே கேட்டுவிடுங்கள். பபோய் என்றால் பன்றி, பாகா மாடு, ஹிப்போன் இறால், பங்கூஸ் என்பது நம் பால்கெண்டை மீன். வளைகுடாவில் பெரும்பாலான பிலிப்பினோ கடைகளில் மாட்டு விலாவோ இறாலோ மீனோதான் இருக்கும், பன்றி இருக்காது. துபாயில் சமைக்கப் பன்றிக்கறி வேண்டுமானால் சில சூப்பர் மார்க்கெட்டுகளில் முஸ்லிம் அல்லாதவர்களுக்கென்று தனி அறை வைத்திருக்கிறார்கள். சவூதியிலும் குவைத்திலும் அதற்கு வழியே இல்லை. மீன் சினிகாங்கோடு இருந்துகொள்ளுங்கள், அதுவும் அருமையாகத்தான் இருக்கும். சைவக்காரர்களுக்குச் சொல்கிறேன்: காய் மட்டும் எடுத்துத் தரச் சொல்லி ஏமாற வேண்டாம். சாறே கறி வெந்த நீர், உப்புக்கு ஊற்றியிருப்பது மீனை உப்பில் புளிக்கவைத்து எடுக்கும் மீன் சாறு. உங்களுக்கு வீட்டுச் சமையல்தான் வழி.

கடையே இல்லாத ஊரில்

அப்புறம், பாக்கெட். குனோர், மாமா சீதாஸ் இரண்டும் சினிகாங் பொடி விற்கின்றன, ஆசியக் கடைகள் பலவற்றில் கிடைக்கும். இதைக் குறைவாக நினைக்க ஒன்றுமே இல்லை. மணிலாவிலேயே வேலைக்குப் போகும் குடும்பங்கள் சாதாரணமாக இதைத்தான் போடுகின்றன. பாக்கெட் புளிப்பில் வளர்ந்த ஒரு தலைமுறைக்கு அதுதான் அம்மா கைச்சுவை. ஆனால் பொடியில் உப்பும் அதிகம், ருசிகூட்டியும் உண்டு. கறி வெந்த பிறகு முதலில் பாதிப் பொடியைப் போட்டு ருசி பாருங்கள். உப்பு அதற்குப் பிறகுதான்.

இனி, பச்சையாகப் புளிப்பேற்ற விரும்புகிறவர்களுக்கு. தமிழ்க் கடையும் மலையாளிக் கடையும் இலங்கைக் கடையும் உள்ள ஊரில் இருந்தால் சினிகாங்கின் முக்கால்வாசி உங்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. பிலிப்பினோ நண்பர்கள் பலருக்கு இது தெரியாது, சொன்னால் அவ்வளவு சந்தோஷப்படுவார்கள். முள்ளங்கி, காராமணி, சேப்பங்கிழங்கு, வெண்டைக்காய், நீளக் கத்திரிக்காய் எல்லாம் நம் கடைச் சரக்கு. சினிகாங்கில் போடும் காங்கோங் என்பது வள்ளைக்கீரை. இலங்கைக் கடையில் கங்குன் என்று கேளுங்கள், மலேசியாவில் கங்கோங். அமெரிக்காவில் இந்தக் கீரை மத்திய அரசின் களைப் பட்டியலில் இருப்பதால் சில மாநிலங்களில் கிடைப்பது சிரமம். பாலக்கீரையை அடுப்பு அணைத்த பிறகு போட்டால் போதும். காமியாஸ் வேண்டுமானால் மலையாளிக் கடையில் இலும்பன் புளி கேளுங்கள்.

பட்டுவானுக்கு நான் சொல்லும் மாற்று குடம்புளி. இரண்டும் ஒரே தாவரக் குடும்பத்துச் சொந்தங்கள். குடம்புளியைப் புகையில் காயவைப்பதால் புகைவாசம் ஏறியிருக்கும். வெந்நீரில் இரண்டு முறை அலசி, ஒரு லிட்டர் சாற்றுக்கு ஒரே ஒரு சிறு துண்டு போட்டு, புளிப்பு ஏறியதும் எடுத்துவிடுங்கள். பட்டுவான் அளவுக்கு வராது. ஆனாலும் என் மனைவி இரண்டாவது கிண்ணம் கேட்கிற அளவுக்கு வரும்.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள்: வீட்டில் இருக்கும் பழுத்த புளியைக் கரைத்து ஊற்றாதீர்கள். சாறு பழுப்பாகி, இனிப்புத் தட்டி, ரசத்துக்கும் புளிக்குழம்புக்கும் நடுவில் எங்கேயோ போய் நிற்கும். வேண்டியது பச்சைப் புளியங்காய். ஊரில் தை மாசியில் புளி பழுப்பதற்கு முந்தைய மாதங்களில் சந்தையில் கிடைக்கும். வெளிநாட்டில் தாய்லாந்து, வியட்நாம், பிலிப்பினோ கடைகளின் உறைபெட்டியில் பாருங்கள்.

சமைக்கும் முறை

நாலு பேருக்கு: எலும்போடு பன்றி விலா அல்லது மாட்டு விலா ஒரு கிலோ, அரிசி களைந்த இரண்டாம் தண்ணீர் இரண்டு லிட்டர், பெரிய வெங்காயம் ஒன்று, தக்காளி இரண்டு, சேப்பங்கிழங்கு நாலைந்து, முள்ளங்கி ஒன்று, காராமணி ஒரு கைப்பிடி, வெண்டை ஆறு, கத்திரி ஒன்று, காரம் குறைந்த நீளப் பச்சைமிளகாய் இரண்டு, வள்ளைக்கீரை ஒரு கட்டு, புளியங்காய் 200 முதல் 250 கிராம். உப்புக்குப் பாத்திஸ் என்ற மீன் சாறு. ருஃபினா, தாத்து பூத்தி போன்ற பெயர்களில் வரும். கிடைக்காவிட்டால் தாய்லாந்து மீன் சாறு சரியாகவே இருக்கும்.

கறியைத் தண்ணீரில் போட்டுக் கொதி வந்ததும் மேலே திரளும் நுரையை முழுக்க எடுத்துவிடுங்கள். வெங்காயமும் தக்காளியும் போட்டுத் தீயைக் குறையுங்கள். பன்றி ஒரு மணி நேரத்தில் மெத்தென்று வரும், மாட்டு விலாவுக்கு இரண்டு மணி நேரம்கூட ஆகலாம். குக்கரில் வைத்தால் சீக்கிரம் ஆகும். எனக்கு மெதுவாக வேகும் சாறுதான் பிடிக்கும்.

அது வேகும் நேரத்தில் புளியங்காயைக் கழுவி, மூழ்கும் அளவு தண்ணீரில் தனியே வேகவையுங்கள். பத்துப் பதினைந்து நிமிடத்தில் தோல் நிறம் மங்கி அங்கங்கே வெடிக்கும். ஒரு வடிகட்டியில் போட்டு, கரண்டியின் முதுகால் அழுத்தித் தேயுங்கள். முதலில் ஒன்றும் வராது. குழம்புச் சாற்றில் இரண்டு கரண்டி எடுத்து மேலே ஊற்றித் திரும்பத் தேய்த்தால், தோலும் நாரும் இளம்விதையும் மேலே தங்கிவிட, கெட்டியான கூழ் வடிகட்டியின் அடியில் ஒட்டிக்கொண்டு நிற்கும். அதையும் வழித்து எடுங்கள், புளிப்பெல்லாம் அதில்தான். நாக்கு நுனியில் தொட்டுப் பார்த்தால் கண் தானாக மூடிக்கொள்ளும். அந்த மாதிரி இருந்தால் சரி.

கறி வெந்த பிறகு சேப்பங்கிழங்கு. கிழங்கு விரலுக்கு நசுங்கும் பதம் வந்ததும் இரண்டை மட்டும் சாற்றுக்குள்ளேயே மசித்துவிடுங்கள். அதன் பின் முள்ளங்கி, அது வெந்ததும் புளியங்காய்க் கூழ். புளிப்பை முன்னாலேயே ஊற்றிவிட்டால் கிழங்கும் முள்ளங்கியும் வேகாமல் வெடுக்கென்று நிற்கும், அதனால்தான் இந்த வரிசை. பாத்திஸ் ஊற்றி உப்புப் பாருங்கள். பிறகு காராமணி, கத்திரி, வெண்டை, கீறாத முழு மிளகாய். ஐந்து நிமிடம். கடைசியாகக் கீரையைப் போட்டு அடுப்பை அணைத்து மூடிவிடுங்கள். இறால் என்றால் காய்களெல்லாம் வெந்த பிறகு போட்டு மூன்று நான்கு நிமிடத்தில் இறக்க வேண்டும். அதற்கு மேல் விட்டால் இறால் ரப்பராகிவிடும்.

சாப்பிடும்போது சின்னக் கிண்ணத்தில் பாத்திஸ் ஊற்றி, குழம்பில் வெந்த மிளகாயை அதில் நசுக்கி வையுங்கள். கறித்துண்டை அதில் தொட்டுக்கொள்வதற்கு. சோறு நம் பச்சரிசியாக இருக்கட்டும், தாய்லாந்து மல்லிகை அரிசி கிடைத்தால் இன்னும் பொருத்தம். பாஸ்மதி வேண்டாம். அது சாற்றைப் பிடித்துக்கொள்ளாது.

ஊருக்குப் போய்த் திரும்புகிறவரிடம் சொல்லி அனுப்பினால் பொடிப் பாக்கெட்டும் பாத்திஸ் பாட்டிலும் மட்டும் கேளுங்கள். பாட்டிலை இரண்டு பிளாஸ்டிக் பையில் கட்டி, விமானத்தில் கூடவே எடுத்துப் போகாமல் பெட்டியில் போட்டு அனுப்பச் சொல்லுங்கள். கறி வகைகளைக் கேட்காதீர்கள், பல நாடுகளில் விமான நிலையத்திலேயே வாங்கிப் போட்டுவிடுவார்கள்.

மிஞ்சிய சினிகாங் மறுநாள் இன்னும் நன்றாக இருக்கும், ஆனால் கீரை இருக்காது. அதனால் நாளைக்கும் வேண்டும் என்று தெரிந்தால் கீரையைச் சட்டியில் போடாமல், ஒவ்வொரு முறை சூடாக்கும்போதும் கொஞ்சம் புதிதாகப் போடுங்கள். புளியங்காய் மலிவாகக் கிடைக்கும் காலத்தில் ஒரு கிலோ வாங்கி மொத்தமாக வேகவைத்து, வடிகட்டிய கூழை ஐஸ் ட்ரேயில் ஊற்றி உறையவையுங்கள். கட்டிகளைப் பையில் போட்டுத் தேதி எழுதி வைத்துக்கொண்டால், ஒரு லிட்டர் சாற்றுக்கு மூன்று கட்டியில் தொடங்கி, ருசி பார்த்துப் பார்த்து மேலே சேர்த்துக்கொள்ளலாம்.